கால் நரம்பு அறுக்கப்பட்ட கொல்லன்: வேலண்டா, வோலுண்டரா?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மாமனார் தொடங்கியது, இப்போது கணவர் நடத்துகிறார். நான் கணக்கு எழுதுகிறேன். முகூர்த்த மாதங்களில் ஆள் போதாதபோது பற்றவைக்கவும் உட்காருவேன்.

மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி நூலகத்திலிருந்து அவள் கொண்டுவந்த ஒரு கதைத் தொகுப்பில் வட ஐரோப்பாவின் கொல்லன் ஒருவனைப் பற்றிச் சில பத்திகள் இருந்தன. ஓர் அரசன் அவனைப் பிடித்து, ஓடிவிடாதபடி கால் நரம்பை அறுத்து, தீவில் அடைத்து வேலை வாங்குகிறான். கொல்லன் பழிதீர்த்துவிட்டு வானத்தில் பறந்து போகிறான். எப்படிப் பழிதீர்த்தான், எதைக் கொண்டு பறந்தான் என்று ஒரு வார்த்தையும் இல்லை. கதைக்குள் அவன் பெயர் வேலண்ட். படத்தின் கீழே வோலுண்டர். இணையத்தில் தேடினால் வீலாண்ட் என்றும் வெலெண்ட் என்றும் வருகிறது. இவர்கள் எல்லோரும் ஒருவர்தானா? முழுக் கதை என்ன?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலைப் பற்றிப் பிள்ளைகள் பள்ளியில் கேட்கிற கதை சிலப்பதிகாரம் ஒன்றுதான். அதில் வரும் பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் திருடிவிட்டுப் பழியைக் கோவலன் தலையில் போட்டவன். கோவலனுக்குப் பெயர் உண்டு, மாதவிக்கு உண்டு, இடைச்சேரி மாதரிக்குக்கூட உண்டு. கொல்லனுக்கு மட்டும் இல்லை. அந்த ஒருவன் செய்த குற்றத்துக்காகப் பாண்டியன் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலியிட்டதாக அந்நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை சொல்கிறது. அந்தப் பாடம் நடந்த அன்று வகுப்பில் ஒரு பையன் என் மகளைப் பார்த்து, “உங்கள் வீட்டில் எத்தனை சிலம்பு ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறான். அவள் அதை மறக்கவில்லை. இந்த வெளிநாட்டுக் கதையைப் படித்ததும், “அம்மா, இதில் கொல்லனுக்குப் பெயர் இருக்கிறது!” என்று ஓடிவந்து காட்டினாள். அந்தப் பெயரைச் சரியாகத் தெரிந்துகொண்டு, கதையையும் அவளுக்கு முழுதாகச் சொல்ல விரும்புகிறேன். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கஞ்சமலை அடிவாரம் எழுதியது:

அம்மா, எல்லோரும் ஒருவரே. ஐஸ்லாந்தில் 1270 வாக்கில் எழுதப்பட்ட ஓர் ஏட்டில் இருக்கும் பழைய பாட்டு அவரை வோலுண்டர் என்கிறது. பழைய ஆங்கிலப் பாடல்களில் வேலண்ட். ஜெர்மானியர்களுக்கு வீலாண்ட். நார்வேயில் 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த திட்ரிக் அரசன் கதையில் வெலெண்ட். பழைய பிரெஞ்சு வீரகதைகளில் கலான் என்ற பெயரில் வந்து வீரர்களுக்கு வாள் அடித்துக் கொடுக்கிறார். மொழிக்கு மொழி ஒலி மாறியிருக்கிறது, ஆள் மாறவில்லை.

நான் உருக்காலையில் உருட்டாலைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கதையைத் தொழில்காரன் கண்ணால்தான் படித்தேன். அதில் பட்டறை தெரிந்தவர்களுக்கு மட்டும் உறைக்கும் இடங்கள் சில உண்டு.

ஐஸ்லாந்துப் பாட்டில் வோலுண்டரும் அவருடைய இரண்டு சகோதரர்களும் அன்னப்பறவை உருவெடுக்கும் மூன்று பெண்களை மணக்கிறார்கள். ஏழு குளிர்காலம் உடன் வாழ்ந்த பெண்கள் பிறகு பறந்து போய்விடுகிறார்கள். சகோதரர்கள் மனைவிகளைத் தேடிப் போகிறார்கள். வோலுண்டர் மட்டும் அங்கேயே தங்கி, அவள் திரும்பி வருவாள் என்று பொன் வளையங்களாக அடித்துக்கொண்டே இருக்கிறார். எழுநூறு வளையங்கள், ஒரே நாரில் கோத்தவை. அவர் வேட்டைக்குப் போன நேரத்தில் நீடுத் என்ற அரசனின் ஆட்கள் வந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். திரும்பி வந்தவர் கரடி இறைச்சியை வாட்டியபடி வளையங்களை எண்ணுகிறார். ஒன்று குறைகிறது. திருட்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மனைவி வந்துவிட்டாள் என்று நினைத்துக் காத்திருந்தபடியே தூங்கிப் போகிறார். விழிக்கும்போது கையிலும் காலிலும் விலங்கு. மாலையில் எடை போட்டுக் கணக்கு முடிக்கும் வீட்டில் இருப்பவர் நீங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததை ஒரு மனிதன் மகிழ்ச்சியாக எடுத்துக்கொண்ட அந்த இடம் உங்களைத் தொடாமல் போகாது.

நார்வேக் கதை வேறு விதமாகப் போகிறது. அதில் வெலெண்ட் ஒரு மரத்தைக் குடைந்து, உள்ளே அடைத்துக்கொண்டு, கடலில் மிதந்து டென்மார்க் கரைக்கு வருகிறார். அரசனின் உணவு மேசைக் கத்திகள் மூன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்கிறது. கழுவும்போது ஒன்று கடலில் விழுந்துவிடுகிறது. அரண்மனைக் கொல்லன் அமிலியாஸ் பட்டறையில் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போய், அதே போல ஒரு கத்தி செய்து வைத்துவிடுகிறார். அரசன் அந்தக் கத்தியால் ரொட்டியை அறுக்கிறான். கத்தி ரொட்டியைக் கடந்து மேசைப் பலகைக்குள் இறங்குகிறது. மறைந்திருந்த கொல்லனை அவனுடைய வேலையே காட்டிக்கொடுத்துவிட்டது.

பிறகு போட்டி. அமிலியாஸ் கவசம் செய்ய வேண்டும், வெலெண்ட் வாள் செய்ய வேண்டும், தோற்பவன் தலை போகும். முதல் வாளை ஆற்றில் பிடிக்கிறார். மிதந்து வந்த ஓரடித் தடிமன் கம்பளியை அது அறுக்கிறது. போதாது என்கிறார். வாளை அரத்தால் தேய்த்துப் பொடியாக்கி, மாவில் பிசைந்து, மூன்று நாள் பட்டினி போட்ட வளர்ப்புப் பறவைகளுக்குப் போடுகிறார். எச்சத்தை உலையில் இட்டு இரும்பைப் பிரித்து மறுபடி அடிக்கிறார். இரண்டாம் வாள் இரண்டடிக் கம்பளியை அறுக்கிறது. அதையும் பொடியாக்குகிறார். மூன்றாவது வாள்தான் மிமுங் என்று பெயர் பெற்ற வாள்.

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். பழைய உலையில் எடுத்த இரும்பில் கசடு வரிவரியாகச் சிக்கியிருக்கும்; கரி ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருக்கும். பொடியாக்கி மறுபடி சேர்த்து அடித்தால் கசடு வெளியேறும், கரி சீராகப் பரவும். எச்சத்தில் இருக்கும் நைட்ரஜன் இரும்பைக் கடினப்படுத்தக்கூடியது. அதிலேயே பாஸ்பரஸும் உண்டு, அது இரும்பை நொறுங்க வைக்கும். ஆகவே பறவைதான் வாளைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முடித்த பொருளைப் பொடியாக்கி முதலிலிருந்து தொடங்கும் அந்தப் பொறுமையைக் கற்பனையில் கொண்டுவந்தவன், அரம் பிடித்த ஒருவனிடம் கேட்டறிந்துதான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பட்டறையிலும் அரப்பொடியைக் கூட்டி எடுத்து மூசையில் போட்டு உருக்குவீர்கள் அல்லவா?

இந்தச் சேலத்துக்கும் அப்படியொரு கைவேலை இருந்தது. 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் நம் கொல்லர்கள் உருக்கு செய்யும் முறையைப் பார்த்து எழுதிவைத்தார். இரும்புத் துண்டுகளோடு ஆவாரம் விறகை நறுக்கிப் போட்டு, மேலே எருக்கிலையை மூடி, களிமண் மூசையில் அடைத்து, துருத்தி போட்டு உருக்கியிருக்கிறார்கள். ஹீத் பின்னர் 1839இல் இங்கிலாந்தில் உருக்கு தயாரிப்புக்கு ஒரு காப்புரிமை பெற்றார். அவர் பெயர் உலோகவியல் வரலாற்றில் இருக்கிறது. அவருக்கு மூசையைத் திறந்து காட்டிய சேலத்துக் கொல்லனின் பெயர் எங்கும் இல்லை. உங்கள் மகள் கேட்ட கேள்வி சின்னக் கேள்வி இல்லை, அம்மா.

ஊத்துமலை எழுதியது:

வேலண்ட் என்ற பெயரில் நம் வேல் இருக்கிறதே! வேல் வடிப்பவன் வேலன். “வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே” என்று புறநானூறும் சொல்கிறது. இது இங்கிருந்து போன பெயராக இருக்கலாம் அல்லவா?

கஞ்சமலை அடிவாரம் எழுதியது:

தம்பி, ஆசை புரிகிறது, ஆனால் இல்லை. வட ஜெர்மனியின் ஃப்ரீஸியப் பகுதியில் கிடைத்த ஒரு பொற்காசில், ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டின் முடிவில், இந்தப் பெயர் பழைய ஜெர்மானியரின் ரூன் எழுத்தில் ‘வெலடு’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அது ஜெர்மானிய மொழிகளுக்குள்ளேயே வளர்ந்த பெயர். ஐஸ்லாந்துப் பாட்டின் மொழியான பழைய நார்ஸில் கைத்திறனையும் சூழ்ச்சியையும் குறிக்கும் ‘வேல்’ என்ற ஒரு சொல் உண்டு, அதோடு சிலர் தொடர்புபடுத்துகிறார்கள். அதுவும் முடிந்த முடிவல்ல. நம் வேலுக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமை தவிர ஒன்றும் இல்லை. நீங்கள் எடுத்துக் காட்டிய பொன்முடியார் பாட்டு நல்ல பாட்டு. அதிலும் கொல்லனுக்குக் கடமைதான் இருக்கிறது, பெயர் இல்லை என்பதைப் பாருங்கள்.

சேர்வராயன் மலை எழுதியது:

நான் ஏற்காட்டுக்காரி. இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்ற ஊரில் செவிலியராக வேலை பார்த்தபோது இந்தக் கொல்லனின் பட்டறை என்று சொல்லப்படும் இடத்துக்கே போயிருக்கிறேன். பெயர் என்றால் அந்த இடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ரிட்ஜ்வே என்ற மிகப் பழைய மலைமுகட்டுப் பாதையில், பீச் மரங்கள் வளையமாகச் சூழ்ந்த ஒரு நீண்ட மண்மேடு. முன்புறம் ஆள் உயரத்துக்கும் மேலாக நிற்கும் முரட்டுக் கற்கள். நடுவில் குனிந்து போகும் அளவில் ஒரு வாயில். உள்ளே சிலுவை வடிவில் சிறு அறைகள். அது உண்மையில் ஒரு கல்லறை. 1962, 1963ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, இப்போதுள்ள மேட்டுக்கு அடியில் அதைவிடப் பழைய கல்லறை ஒன்றும், அதில் 14 பேரின் எலும்புகளும் இருந்தது தெரிந்தது. கட்டியவர்கள் ஏறக்குறைய ஐயாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கற்கால மக்கள். அவர்களுக்கு இரும்பே தெரியாது.

பல ஆயிரம் ஆண்டு கழித்து அங்கே வந்து குடியேறிய சாக்சன்கள் என்ற ஜெர்மானிய மக்களுக்கு அதைக் கட்டியது யாரென்று தெரியவில்லை. இவ்வளவு பெரிய கல் வேலையை வேறு யார் செய்திருக்க முடியும் என்று தங்கள் கொல்லனின் பெயரை வைத்துவிட்டார்கள். 955இல் எழுதப்பட்ட ஒரு நிலப் பட்டயத்திலேயே ‘வேலண்டின் பட்டறை’ என்று எல்லைக் குறிப்பு வருகிறது. நம் ஊரில் கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்கிறோமே, அதே மனம்தான். அழகான கட்டடத்தைப் பார்த்தால் மயன் கட்டியது என்றும் சொல்கிறோம்.

அங்குள்ள மக்கள் சொல்லும் கதை எனக்கு மிகவும் பிடித்தது. வழியில் குதிரையின் லாடம் கழன்றுவிட்டால், குதிரையை அந்த மேட்டில் நிறுத்தி, கல்லின் மேல் ஒரு வெள்ளிக்காசை வைத்துவிட்டு, பார்க்காமல் தள்ளிப் போய்விட வேண்டும். திரும்பி வந்தால் காசு இருக்காது. குதிரைக்கு லாடம் அடித்திருக்கும். பிரான்சிஸ் வைஸ் என்பவர் 1738இல் இதை எழுதி வைத்திருக்கிறார். அரசனைப் பழிவாங்கிய அந்தப் பயங்கரமான ஆள், இங்கே நியாயமான கூலிக்கு வழிப்போக்கனின் வேலையை முடித்துக் கொடுக்கும் கிராமத்துக் கொல்லனாக ஆகிவிட்டார். கூலியைக் கேட்டு வாங்கக்கூட வெளியே வருவதில்லை.

இன்னொன்று, இது கொலுசுப்பட்டறை அக்காவுக்காகவே. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்பில் செதுக்கிய ஒரு சிறு பெட்டி இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஏறக்குறைய 23 செ.மீ. நீளம். அதன் முன்பக்கத்தில் இடப்பாதியில் வேலண்ட். முழங்கால் மடங்கி நிற்கிறார், கையில் குறடு, அடைகல்லுக்குக் கீழே தலையில்லாத உடல். வலப்பாதியில் குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகள். இரண்டையும் அருகருகே செதுக்கிய அந்தக் கைக்கு வேலண்ட் எவ்வளவு முக்கியமானவராக இருந்திருக்க வேண்டும்! அந்தப் பெட்டி பின்னாளில் பிரான்சில் ஒரு குடும்பத்தில் தையல் பெட்டியாகக் கிடந்தது. அதில் இருந்த வெள்ளிக் கீல்களைக் கழற்றி ஒரு வெள்ளி மோதிரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பெட்டி தனித்தனிப் பலகையாகப் பிரிந்து போனது. ஒரு பலகை இன்று இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரில் இருக்கிறது.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வெள்ளிக் கீலைக் கழற்றியதைப் படித்ததும் நெஞ்சு பதறியது. அரப்பொடி உருக்கும் கதையைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கேட்டார்கள். எங்கள் மூத்த பத்தர், “அந்த ஆள் நம் ஆள்” என்றார்.

ஆனால் அந்தத் தலையில்லாத உடல் யாருடையது? பழிதீர்த்த கதையை இருவருமே சொல்லவில்லை. மகளிடம் சொல்லக்கூடியதுதானா?

அரிசிப்பாளையம் ஆசிரியை எழுதியது:

அம்மா, அதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. அந்த உடல் அரசனின் மகனுடையது. அரசனுக்கு இரண்டு சிறு மகன்கள். நகைப் பெட்டியைப் பார்க்கும் ஆசையில் தீவுக்கு வருகிறார்கள். யாரிடமும் சொல்லாமல் வரச் சொல்கிறார் கொல்லன். நார்வேக் கதையில், புதுப் பனி விழுந்ததும் பின்பக்கமாக நடந்து வரச் சொல்கிறார். அப்போது சுவடுகள் பட்டறையை விட்டுப் போனதாகத்தான் காட்டும். இருவரையும் கொன்று, மண்டையோட்டை வெள்ளியில் பதித்துக் கிண்ணமாக்கி அரசனுக்கு அனுப்புகிறார். கண்களை மணிகளாக்கி அரசிக்கு. பற்களை மார்பணியாக்கி மகள் போட்வில்டுக்கு. தாங்கள் அணிவது என்னவென்று யாருக்கும் தெரியாது.

போட்வில்ட் உடைந்த மோதிரத்தைச் சரிசெய்ய வருகிறாள். அரசனின் ஆட்கள் அன்று எடுத்த அதே வளையம்தான் அது. கொல்லன் மது கொடுத்து, அவள் தன்னிலை மறந்ததும் அவளைக் கெடுக்கிறார். பிறகு வானில் எழும்பி, எல்லாவற்றையும் அரசனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். ஐஸ்லாந்துப் பாட்டு அவர் எப்படிப் பறந்தார் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. நார்வேக் கதையில்தான் சகோதரன் எகில் பறவைகளை எய்து கொண்டுவரும் இறகுகளால் இறக்கை செய்கிறார். ஐஸ்லாந்துப் பாட்டு கொல்லனின் சிரிப்போடு முடியவில்லை. தந்தை கேட்கிறார், மகள் பதில் சொல்கிறாள்: அவனை எதிர்க்க எனக்குத் தெரியவில்லை, எதிர்க்க என்னால் முடியவில்லை. கடைசி வார்த்தை அவளுடையது.

எக்ஸெடர் ஊரில் இருக்கும் பழைய ஆங்கில ஏட்டில் ‘தியோர்’ என்றொரு பாட்டு உண்டு. முதல் பகுதி வேலண்டின் துயரம். அடுத்த பகுதி இந்தப் பெண்ணின் துயரம்: சகோதரர்கள் இறந்ததைவிடத் தான் கருவுற்றிருப்பது அவளை வாட்டுகிறது. இரண்டுக்கும் பிறகு ஒரே அடி திரும்ப வருகிறது: அது கடந்துபோனது, இதுவும் கடந்துபோகலாம். துன்புற்றவனையும் அவனால் துன்புற்றவளையும் அந்தப் புலவர் ஒரே வரிசையில் வைக்கிறார். நான் வேலண்டைப் பெரிய கைவினைஞர் என்று ஏற்பேன், நல்லவர் என்று ஏற்க மாட்டேன். சிலப்பதிகாரக் கொல்லனுக்கு மாற்றாக நிறுத்தும் அளவுக்கு அவர் குற்றமற்றவர் அல்ல. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம்: இவர் செய்த குற்றத்துக்காக ஆயிரம் கொல்லர்களை யாரும் பலியிடவில்லை. குற்றம் அவருடையதாகவே இருந்தது, புகழும் அப்படியே. நார்வேக் கதை சொல்கிறது, ஒருவன் எதையாவது மற்றவர்களைவிட நன்றாகச் செய்தால் “கைவேலையில் அவன் ஒரு வோலுண்டர்” என்று பாராட்டுவார்களாம். பழைய ஆங்கிலக் காவியத்தின் வீரன் பியோவுல்ஃப் தன் மார்புக்கவசம் உயர்ந்தது என்று சொல்ல வரும்போதும் “வேலண்டின் வேலை” என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறான்.

பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் போட்வில்ட் கதையைச் சொல்லலாம். எப்படிச் சொல்வது என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

சொல்லப்போகிறேன், டீச்சர். சிறு பிள்ளைகளுக்குக் கத்தியும் வாளும் லாடமும். மகளுக்கு முழுவதும், அவள் கேட்கிற கேள்விகளுக்கு இடம் விட்டு. ‘வேலண்ட்’ என்றே சொல்வேன், அவள் முதலில் படித்த பெயர் அதுதான். அந்தப் பையன் மறுபடி கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். “ஒருத்தன் திருடினால் அவன் பெயரைச் சொல்லித் திட்டு, என் வீட்டைக் கேட்காதே என்று சொல்வேன்” என்றாள்.

கஞ்சமலை ஐயா, உங்கள் பக்கத்தில் இரும்புக்கல்லை அவளுக்குக் காட்ட முடியுமா?

கஞ்சமலை அடிவாரம் எழுதியது:

தாராளமாக. சித்தர்கோயிலுக்கு வாருங்கள், அமாவாசை வேண்டாம், கூட்டம் தாங்காது. மகளிடம் ஒரு நல்ல காந்தம் கொடுத்து அனுப்புங்கள். மழைக்குப் பிறகு ஓடை மணலில் கருப்பாக வரி ஓடியிருக்கும். அதில் காந்தத்தைக் காட்டினால் கம்பளி போல மொய்த்துக்கொள்ளும். காந்தத்தை முதலில் பாலித்தீன் பையில் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பொடியைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.